சிலம்பத் தொடுமுறை பழக பெங்களூரில் ஜோடி தேவை

வணக்கம் மக்களே. அல்சூரில் இருக்கிறேன். சிலம்பத்தில் அலங்கார வீச்சு, காலடி வரிசை எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் எதிரில் ஆள் நின்று தொடுமுறை (கம்பால் எதிராளியின் உடலைத் தொடும் ஆட்டம்) ஆட ஆரம்பித்த பிறகு கதையே வேறு. பெரிய சுற்றுகள் தானாகச் சுருங்கிவிட்டன. கம்பு தலைக்கு மேல் போகிற நேரத்தில் விலாவில் தொட்டுவிடுகிறார்கள். இப்போது பார்வை கம்பு நுனியில் இல்லை, எதிராளியின் தோளிலும் முன்காலிலும்தான். அடியைத் தடுப்பதைவிட ஒரு எட்டு விலகுவதே லாபம் என்று தோன்றுகிறது (ஊர் ஆசான் கேட்டால் திட்டுவார்).

இந்திராநகர், சிவாஜிநகர் பக்கம் ஞாயிறு காலையில் தொடுமுறை பழகுகிறவர்கள் உண்டா? என்னைவிட உயரமானவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. அப்புறம், விரல் முட்டிக்கு எந்தக் கையுறை சரிவரும்? கிரிக்கெட் கையுறை போட்டால் கம்பு கையில் உருளவே மாட்டேன் என்கிறது.