வீட்டில் எடை இயந்திரம் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகள்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பொது மருத்துவப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இதயச் செயலிழப்புக்கு (இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க இயலாத நிலை) சிகிச்சை பெற்று, உடலில் தேங்கிய நீர் வடிந்து, நலமாக வீடு திரும்பியவர்களில் சிலர் சில வாரங்களிலேயே மூச்சுத்திணறலோடு மீண்டும் வருவது என்னை மிகவும் வருத்துகிறது.

சென்ற வாரம் வந்த ஓர் அம்மாவின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தபோது, விழுந்த பள்ளம் நெடுநேரம் மறையவில்லை. "பத்து நாளா படுத்தா மூச்சு முட்டுது சிஸ்டர், உட்கார்ந்துதான் தூங்குறேன்" என்றார். பத்து நாட்கள்! வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை கூடத் தொடங்கிவிடும் என்பதால், தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன் எடை பார்க்க வேண்டும் என்றும், மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனால், எங்களிடம் வருபவர்களில் பலர் வீட்டில் எடை இயந்திரமே இல்லை.

இத்தகையவர்களுக்கு நீங்கள் எந்த அடையாளங்களைச் சொல்லித் தருகிறீர்கள்? செருப்பு இறுகுவதையும், இரவில் கூடுதல் தலையணை தேவைப்படுவதையும் கவனிக்கச் சொல்கிறேன். அது போதுமா என்று தெரியவில்லை. இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடிய டிகாக்சின் மருந்தை உட்கொள்பவரின் வீட்டாருக்கு, முழுதாக ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணப் பழக்கிய அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான படக் குறிப்பேடு எவரிடமேனும் இருந்தால் பகிருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.