லாங்யியர்பியனில் சூரியன் திரும்பிய பிறகும் குளிர் கூடுவது ஏன்?

கேள்வி
நண்பர்களுக்கு வணக்கம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 பாகை வட அகலாங்கில் உள்ள லாங்யியர்பியனுக்கு ஒருமுறை போய்வர எண்ணியிருக்கிறேன். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில் அடிவானத்துக்கு மேல் வருவதாகக் கணக்கு சொல்கிறது. ஊர் மக்களோ மார்ச் 8 அன்றுதான் அதை வரவேற்கிறார்கள். வெளிச்சம் வந்த பிறகும் குளிர் தணிவதில்லை என்கிறார்கள். அப்படியானால் அங்கே வசந்தம் எப்போது?

மறுமொழி 1
தாமதத்துக்குக் காரணம் மலைகள். ஊர் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பிப்ரவரியில் நண்பகல் சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டே சென்றுவிடுவதால், தெற்கு மலைகளைத் தாண்டி வெயில் ஊருக்குள் விழுவதில்லை. மார்ச் 8 வாக்கில் அது ஏறத்தாழ 7 பாகை உயரம் எட்டும்போதுதான் கதிர் உள்ளே வருகிறது. பழைய மருத்துவமனை இருந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பவை படிக்கட்டுகள் மட்டுமே. அவற்றின்மீது வெயில் படுவதைக் காணவே ஊர் கூடுகிறது. முகத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய குழந்தைகள் சூரியனைக் கூவி அழைப்பார்கள். மேகம் மூடிவிட்டால் ஏமாற்றம்தான். ஆனாலும் விழா நடக்கும்.

மறுமொழி 2
குளிரைப் பற்றி நான் சொல்கிறேன். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். சாய்வாக விழும் கதிருக்கு வலுவும் குறைவு. ஆகவே, நிலம் பெறும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பமே நெடுநாள் மிகுதியாக இருக்கிறது. பிறகு உருகும் காலம் வந்தாலும், ஒரு கிலோ பனியை உருக்கும் ஆற்றல் அதே அளவு நீரைச் சுழியிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது என்பதை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 20 வாக்கில் நள்ளிரவுச் சூரியன் தொடங்கிவிடுகிறது. மே மாதச் சராசரியோ உறைநிலைக்குக் கீழேதான்.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மார்ச் முதல் மே வரை உள்ள காலத்தை என்னவென்று அழைப்பது?

மறுமொழி 3
அங்கே சுற்றுலா நடத்துவோர் அதற்கு வெயில் குளிர்காலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நான்கு பருவக் கணக்கைவிட அது பொருத்தமாகவே எனக்குத் தோன்றுகிறது. ஸ்னோ ஸ்கூட்டரில் தொலைவு செல்ல ஏற்ற காலமும் அதுதான். உயிர்களின் வசந்தத்தைத்தான் தேடுகிறீர்கள் என்றால், ஏப்ரலில் தெற்கிலிருந்து வரும் ஸ்னோ பன்டிங் பறவையைக் கவனியுங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை, பனி விலகாத ஊரில் கூரை முகட்டில் அமர்ந்து பாடும். பூவுக்கு ஜூன் வரை பொறுக்க வேண்டும்: காற்று பனியை வாரிச் சென்ற சரளைமேட்டில், தரையோடு தரையாகப் படர்ந்த ஊதாநிற சாக்ஸிஃப்ரேஜ் முதலில் மலரும்.

கேட்டவர்
பிப்ரவரிக்குப் போட்டிருந்த பயணத்தை ஏப்ரல் கடைசிக்கு மாற்றிவிட்டேன், பறவையாவது கிடைக்கும்.