மிச்சிகனில் முதல் கார்: அமெரிக்கக் கார் வாங்கலாமா?

கேள்வி:
மிச்சிகன் வந்து ஆறு வாரம் ஆகிறது, ஃபார்மிங்டன் ஹில்ஸில் இருக்கிறோம். கையில் எட்டாயிரம் டாலர் இருக்கிறது. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, இன்னும் இல்லை. யாரைக் கேட்டாலும் டொயோட்டா, ஹோண்டா தவிர எதையும் தொடாதே என்கிறார்கள். ஆனால் தெருவெல்லாம் ஃபோர்டும் செவியும் (செவ்ரோலே) தான் நிற்கின்றன. பேர் கெட்ட காரை இத்தனை பேர் ஏன் வாங்குகிறார்கள் அண்ணா?

பதில்:
தம்பி, அந்தத் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவர் ஃபோர்டிலோ, செவி கார் செய்யும் ஜி.எம்.மிலோ (ஜெனரல் மோட்டார்ஸ்), இல்லையென்றால் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியிலோ வேலை பார்ப்பார். ஃபோர்டில் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் ஏ-பிளான் என்ற தள்ளுபடி விலை, சப்ளையர் கம்பெனிக்காரர்களுக்கு எக்ஸ்-பிளான். ஜி.எம்.மிலும் இதே மாதிரி உண்டு. பேரம் பேசாமலேயே விலை குறையும்போது அவர்கள் வேறு கடைக்கு ஏன் போகப்போகிறார்கள்?

அப்புறம் பாசம். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் அசெம்ப்ளி லைனில் நின்றவர். 2009-இல் ஜி.எம்.மும் கிரைஸ்லரும் திவாலானபோது பென்ஷன் என்ன ஆகுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்ததைச் சொல்லியிருக்கிறார். டொயோட்டா கேம்ரி இந்நாட்டிலேயே கென்டக்கியில் ஜார்ஜ்டவுனில் செய்யப்படுவதும், ஃபோர்ட் ஃப்யூஷன் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்ததும் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் தனக்குச் சோறு போட்ட கம்பெனியின் கார்தான் அவர் வாசலில் நிற்கும். அந்த மனசை நான் மதிக்கிறேன்.

பிக்கப் டிரக் தனிக் கதை. ஃபோர்ட் எஃப்-சீரிஸ் 1977-இலிருந்து இந்நாட்டில் அதிகம் விற்கும் டிரக். படகு இழுக்கவும் பனி தள்ளவும் அதுதான் என்று இங்கே பழகிவிட்டார்கள்.

சரி, நமக்கு ஏ-பிளானும் இல்லை, அந்தப் பாசமும் இல்லை. நமக்கு இருப்பது விலை. பேர் கெட்டிருப்பதால் பழைய அமெரிக்க செடான்களின் விலை சீக்கிரம் இறங்குகிறது. நான் தேடியபோது ஒரே பணத்துக்கு 1,40,000 மைல் ஓடிய கேம்ரியும் கிடைத்தது, 85,000 மைல் ஓடிய செவி இம்பாலாவும் கிடைத்தது. இம்பாலாவை எடுத்தேன், ஆறு வருடம் ஓட்டினேன். கடன் கிடைக்காமல் ரொக்கமாகக் கொடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ஆனால் பேர் சும்மா கெடவில்லை. 2012 முதல் 2016 வரை வந்த ஃபோர்ட் ஃபோகஸில் இருந்த டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறும், வழுக்கும். வழக்குவரை போன விஷயம் அது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். கம்பெனி பேரைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்த வருட மாடல், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று பாருங்கள்.

இம்பாலாவுக்கு முன்னால் வைத்திருந்த ஒரு கார் எனக்கு இரண்டே மாதத்தில் 2,400 டாலர் செலவு வைத்தது. பெயின்ட் பளபளவென்று இருந்ததால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்கிவிட்டேன். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அது காரை அடியிலிருந்து தின்னும். அட்டையை விரித்துத் தரையில் படுத்து, ஃபோன் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் விரலை வைத்து அழுத்துங்கள். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிரேக் குழாய்களில் செதில் செதிலாகத் துரு இருந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் தாண்டினால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் 150 டாலர் போலக் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முன் கண்ணாடியில் டிரைவர் பக்கக் கீழ் மூலையில் 17 எழுத்து, எண் கொண்ட வின் நம்பர், அதாவது அந்தக் காரின் அடையாள எண், இருக்கும். அதை அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால் முடிக்காத ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி காரைத் திரும்ப அழைத்தது, ஏதாவது இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் பொதுவாக டீலர் இலவசமாகச் சரிசெய்து தருவார்.

கேள்வி:
நன்றி அண்ணா. ஊரில் அப்பா ஃபோர்ட் வைத்திருந்தார். கம்பெனி இந்தியாவை விட்டுக் கிளம்பியதும் பார்ட்ஸ் கிடைக்குமா என்று பயந்தே பாதி விலைக்கு விற்றார். அதனால் வீட்டில் தயங்குகிறார்கள்.

பதில்:
அந்தப் பயம் நியாயமானது. 2021-இல் ஃபோர்ட் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகரில் வேலை பார்த்த என் நண்பர்களும் தவித்தார்கள். இங்கே நிலைமை வேறு. ஃப்யூஷன், இம்பாலா இரண்டும் 2020-இல் நின்றுவிட்டன. ஆனாலும் லட்சக்கணக்கில் ஓடுவதால் எந்தத் தெருமுனை கராஜிலும் வேலை தெரியும், பழைய பார்ட்ஸ், ஓடாத கார்களைப் பிரித்து விற்கும் ஜங்க்யார்டிலும் கிடைக்கும்.

நீங்கள் பயப்பட வேண்டியது இன்சூரன்ஸுக்குத்தான். மிச்சிகனில் அது மிக அதிகம், புதிதாக வந்தவருக்கு இன்னும் அதிகம். பணம் கொடுப்பதற்கு முன் அந்த வின் நம்பரைச் சொல்லி இரண்டு மூன்று இன்சூரன்ஸ் கம்பெனியில் எவ்வளவு ஆகும் என்று கோட் (quote) வாங்குங்கள். வரும் சனிக்கிழமை எங்காவது கார் பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.