பெட்டியில் ‘ப்யூர்’ என்று போட்டிருந்தது: பேட்ஜர் பிரஷ் அனுபவங்கள்

என் முதல் பேட்ஜர் ஷேவிங் பிரஷை, அதாவது வளைக்கரடி என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷை, வாங்கியதே பெட்டியில் ‘ப்யூர்’ என்று போட்டிருந்ததால்தான். கலப்படமில்லாத முடி, அப்படியானால் உசத்தியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். முதல் நாள் நுரையோடு கன்னத்தில் சுழற்றியபோதே சுருக் சுருக்கென்று குத்தியது. கழுத்தில் எரிச்சல் அடங்கப் பாதி நாள் ஆனது. போகப்போகப் பழகிவிடும் என்று இரண்டு மாதம் பொறுத்தேன், பழகவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். பேட்ஜர் முடியில் ப்யூர் என்பதுதான் கீழ்ப்படி. அதற்கு மேலே பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று போகிறது. இதில் இன்னொரு சிக்கல், இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் சூப்பர் என்று விற்கும் முடியை இன்னொருவர் சில்வர்டிப் என்று விற்கலாம்.

ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பேட்ஜர் முடி அடியில் வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, நுனியில் மறுபடி வெளுப்பு. நுனி இயல்பாகவே மெலிந்து கூராக முடியும். அந்த மெலிவுதான் மென்மை. நல்ல பிரஷ் கட்டுபவர்கள் முடியை நுனி கீழே இருக்கும்படி சிறு கிண்ணத்தில் போட்டு உருண்டை வடிவம் கொண்டுவருவார்கள், மிச்சத்தை அடிப்பக்கம்தான் வெட்டுவார்கள். என் பிரஷில் நுனியையே வெட்டிச் சமன் செய்திருந்தார்கள். ஒவ்வொரு முடியும் தட்டையாக, கத்தரித்த நூல் மாதிரி நின்றது. குத்தாமல் என்ன செய்யும்?

அடுத்து சில்வர்டிப் வாங்கினேன். முகத்தில் பட்டதே தெரியாத மென்மை! ஷேவிங் கிரீமுக்கு அருமை. கட்டிச் சோப்பில்தான் தடுமாறியது, அழுத்தினால் துவண்டு விரிந்துவிடும். தண்ணீரை நிறையப் பிடித்துக்கொள்ளும் முடி என்பதால் நன்றாக உதறிவிட்டுத்தான் சோப்பில் வைக்க வேண்டும். இது பிடிபட எனக்குச் சில வாரங்கள் ஆயின.

இப்போது தினமும் எடுப்பது கறுப்பும் வெள்ளையுமாக இரண்டே பட்டை தெரியும் டூ பேண்ட். நுனி மென்மை, தண்டில் நல்ல விறைப்பு. முடிக்கற்றை 24 மில்லிமீட்டர் விட்டம், உயரம் கொஞ்சம் குறைவு. உயரம் குறையக் குறைய விறைப்பு கூடும் என்பதையும் இதில்தான் உணர்ந்தேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு வாடைதான் பிரச்சினை. புதுப் பிரஷ் நனைந்ததும் குளியலறை முழுக்க மிருக வாடை. திருப்பி அனுப்பிவிடலாம் என்றே நினைத்தேன். தினமும் உள்ளங்கையில் நுரை கட்டி, இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் அலசினேன். ஒரு வாரத்தில் போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன், கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். என் பழைய பிரஷில் ஒட்டுப் பசை இளகி, முடி கொத்தாகக் கையோடு வந்துவிட்டது.

மறுமொழி 2

பேட்ஜர் என்று எனக்கு வந்தது சாயம் போட்ட பன்றி முடி. வெள்ளைத் துண்டில் ஈரத்தோடு துடைத்தபோது கறுப்பு இறங்கியது. முடியின் நுனியும் இரண்டாகப் பிளந்திருந்தது. அது பன்றி முடியின் குணம். பன்றி முடி மோசம் என்று சொல்ல மாட்டேன், பிளந்த பிறகுதான் அது மென்மையாகிறது. ஆனால் அதைப் பேட்ஜர் என்று விற்றது தப்பு.

மறுமொழி 3

நான் பேட்ஜரை விட்டுவிட்டேன். சந்தைக்கு வரும் முடியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து. பிரிட்டனில் இந்த விலங்குக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. அதைப் படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. இப்போது வரும் நல்ல செயற்கை இழைகளுக்கும் நுனியை மெலிதாக்கிவிடுகிறார்கள். சீக்கிரம் காய்கிறது, வாடையும் இல்லை. நீங்கள் சொன்ன பூதக்கண்ணாடிச் சோதனையை நேற்று இதில் செய்து பார்த்தேன், நுனி கூராகத்தான் இருக்கிறது.