எண்டர்பிரைஸ் கிட்டை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்தேன், ஆனால் எங்கள் வீட்டு மாடல் மாதிரி இல்லை. எங்கே தவறு?

பழையபெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க டிவி வரிசையின் முதல் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்வெளிக் கப்பலின் கிட் ஒன்று, ஏ.எம்.டி. நிறுவனத்தின் பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல், எங்கள் வீட்டு அலமாரியில் நாற்பது வருஷத்துக்கு மேலாக நின்றது. சித்தப்பா கல்லூரிக் காலத்தில் தன் கையால் ஒட்டியது. சுமார் 18 அங்குல நீளம், வெள்ளைப் பிளாஸ்டிக். போன வருஷம் வீடு மாறும்போது நான் தூக்கிய விதம் சரியில்லாமல் ஒரு பக்க எஞ்சின் குழாய் கழன்று விழுந்து, அதைத் தாங்கும் தண்டும் இரண்டாக ஒடிந்துவிட்டது. எண் ஸ்டிக்கர்கள் விரல் பட்டாலே உதிர்கின்றன. திரும்ப ஒட்டி வைக்கலாம்தான், ஆனால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அதை அப்படியே டிஜிட்டலில் செய்து, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு பொங்கலுக்கு சித்தப்பா கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

இணையத்தில் கிடைத்த கப்பல் வரைபடங்களை வைத்துக்கொண்டு மூன்று வாரம் பிளெண்டரில் உட்கார்ந்தேன். கப்பலின் முன்பக்க வட்டத் தட்டு, எஞ்சின் குழாய்கள், எல்லாம் சுத்தமாக வந்தன, ரெண்டரும், அதாவது மென்பொருள் வரைந்து தரும் படமும், நன்றாகவே இருக்கிறது. சித்தியிடம் ரகசியமாகக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா, ஆனா இது டிவியில வர்ற கப்பல். நம்ம வீட்டுது இல்லையே" என்றார். அப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. கைபேசியில் 140 படம் எடுத்து அதிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கவும் பார்த்தேன், தட்டு முழுக்க ஓட்டை ஓட்டையாக வந்தது. எதை விட்டேன், எங்கிருந்து மறுபடி தொடங்குவது?

ஒட்டுப்பசை:

தம்பி, உங்கள் சித்தி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். எண்டர்பிரைஸ் என்று நாம் சொல்வது ஒரு பொருள் இல்லை. முதலாவது, தொடரின் கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த கற்பனைக் கப்பல், 289 மீட்டர் நீளம். இரண்டாவது, படப்பிடிப்புக்காக ரிச்சர்ட் டேட்டினும் அவரோடு இருந்தவர்களும் 1964-இல் செய்த மாடல்கள்: முதலில் 33 அங்குலத்தில் ஒன்று, பிறகு 11 அடிக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒன்று. அந்தப் பெரியது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவதுதான் உங்கள் அலமாரியில் நின்றது, 1966-இலிருந்து கடைகளில் விற்ற கிட். இந்த மூன்றின் அளவுகளும் வளைவுகளும் அச்சாக ஒன்று கிடையாது. நீங்கள் முதலாவதின் வரைபடத்தை எடுத்து மூன்றாவதைச் செய்யப் பார்த்திருக்கிறீர்கள், பிறகு எப்படி ஒத்துவரும்?

எனக்கு அந்தக் கிட் மேல் தனி மரியாதை உண்டு. அதைக் கப்பலின் மட்டமான நகல் என்று நினைக்காதீர்கள், அதற்கே சொந்தமாக ஒரு வரலாறு இருக்கிறது. 1967-இல் வந்த 'தி டூம்ஸ்டே மெஷின்' அத்தியாயத்தில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் கப்பலை ஞாபகம் இருக்கிறதா? இதே கடைக் கிட்தான் அது. அதைக் கட்டி, பாழாக்கி, கிட்டோடு வரும் 1701 என்ற எண்ணையே இடம் மாற்றி 1017 என்று ஒட்டியிருந்தார்கள். 2006-இலிருந்து தொடரைப் புதுப்பித்து வெளியிட்டபோது விண்வெளிக் காட்சிகளுக்கு எல்லாம் கணினிக் கப்பல்கள் வந்துவிட்டன, அந்தக் கிட்டும் திரையிலிருந்து போய்விட்டது. உங்கள் ரெண்டரைப் பற்றிப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. புதியது திருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பழையதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் கண்ணில் படாதது ஒரு குறைதான்.

வரைபடங்களை மூடி வைத்துவிட்டு ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு மாடலின் முன்னால் உட்காருங்கள். குழாயின் விட்டத்தை நான்கு இடத்திலாவது அளக்க வேண்டும். கழன்று விழுந்த துண்டுகள் உங்களுக்கு ஒரு வரம், அவற்றைத் தட்டையான ஸ்கேனரில் படுக்க வைத்து 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 300 பிக்சல் ஓர் அங்குலம் என்று கணக்கு நேராக இருக்கும். கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் பகுதிக்கு மட்டும்தான் இது பொருந்தும், கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கும் பகுதிக்குக் காலிப்பர்தான். முழு மாடலைப் படம் எடுப்பதென்றால் மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், கிட்டே போய் எடுத்தால் முன்னால் இருக்கும் தட்டு வீங்கியும் பின்னால் குழாய்கள் சுருங்கியும் தெரியும்.

இன்னொன்று, எஞ்சின் குழாய்களின் கோணத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். இந்தக் கிட்டைக் கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், தாங்கித் தண்டு மெல்லியது, உடலில் அது நுழையும் பள்ளம் சிறியது, குழாயின் பாரமோ வெளியே தள்ளி நிற்கிறது, அதனால் வருஷம் ஆக ஆகக் குழாய்கள் மெல்லத் தாழ்ந்துவிடும், அதுவும் இரண்டும் ஒரே அளவாகத் தாழாது. நீங்கள் மென்பொருளில் ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்கு மிரர் போட்டு இரண்டையும் அச்சு அசலாக நிறுத்தியிருப்பீர்கள். சித்தியின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

முப்பரிமாணி:

அண்ணன் சொன்னதோடு ரெண்டர் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓட்டை விழுந்த காரணம். படங்களிலிருந்து வடிவம் எடுக்கும் மென்பொருள், பல படங்களிலும் ஒரே புள்ளியை அடையாளம் கண்டுதான் தூரத்தைக் கணக்கிடும். வெறும் வெள்ளைப் பரப்பில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, பளபளப்பான பிரதிபலிப்போ நீங்கள் நகர நகரத் தானும் நகரும். டால்கம் பவுடரைத் தூவி எடுப்பார்கள், ஆனால் உதிர்கிற ஸ்டிக்கர் இருக்கும் மாடலில் அதைச் செய்யாதீர்கள். அளந்து செய்வதே நல்லது.

அடுத்து அளவு. காட்சியை 289 மீட்டரில் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள், 46 சென்டிமீட்டர் பொருளாக வையுங்கள். அலமாரியில் இருக்கும் பொருளை முக்கால் மீட்டர் தூரத்திலிருந்து படம் எடுத்தால் தட்டின் முன்விளிம்பு துல்லியமாகவும் குழாயின் பின்முனை லேசாக மங்கியும் இருக்கும். அந்த மங்கல்தான் இது கைக்கு அடங்கும் பொருள் என்று கண்ணுக்குச் சொல்கிறது, எல்லாமே துல்லியமாக இருந்தால் மனசு அதைப் பெரிய கப்பலாக எடுத்துக்கொள்ளும். மென்பொருளின் கேமராவில் இந்த மங்கலைத் தரும் டெப்த் ஆஃப் ஃபீல்டை இயக்கி, 85 மில்லிமீட்டர் லென்ஸ், துளை எஃப் 8 என்று தொடங்கிப் பாருங்கள்.

இனி பிளாஸ்டிக். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, பரப்பின் தன்மையை அமைக்கும் ஷேடரில் ஐ.ஓ.ஆர். இடத்தில் அதைப் போடுங்கள். சப்சர்ஃபேஸ், அதாவது ஒளி பரப்புக்கு உள்ளே ஊடுருவிப் பரவுவது, கொஞ்சம் வேண்டும், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வரும். அச்சில் வார்த்த பாகத்தில் கத்திமுனை மாதிரி விளிம்பு இருக்காது, எல்லா விளிம்பையும் மழுக்க 0.2 மில்லிமீட்டர் பெவல் கொடுங்கள். குழாயை ஒரே உருளையாகச் சுழற்றி எடுக்காமல், பாதி செய்து, மறுபாதியைத் தனியாக வைத்து, 0.1 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள், ஒட்டுக்கோடு தானாகவே வரும். உள்ளே ஊசி போன்ற பிடிகள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தடிமன் அதிகம், அது ஆறும்போது கூடுதலாகச் சுருங்குவதால் வெளிப்பக்கம் ஒரு சின்னக் குழி விழும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் உங்கள் மாடலிலேயே அந்தக் குழிகள் தெரியும், எங்கே எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எண்களை டெக்ஸ்சருக்குள், அதாவது பரப்பின் மேல் போர்த்தும் படத்துக்குள், கலந்துவிடாதீர்கள். தனி மெஷ்ஷாக (தனி வடிவமாக), வளைவோடு படிய வைக்கும் ஷ்ரிங்க்ராப் போட்டு, மேற்பரப்பிலிருந்து ஒரு மயிரிழை உயர்த்தி வையுங்கள். தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற ஸ்டிக்கரில் எழுத்தைச் சுற்றி ஒரு கண்ணாடிப் படலம் இருக்கும், அதன் பளபளப்பு பிளாஸ்டிக்கின் பளபளப்போடு சேராது. அடியில் காற்று சிக்கிய இடங்களில் வெள்ளி மாதிரி மினுங்கும்.

கடைசியாக ஒரு கேள்வி: அலமாரிக்கு எந்தப் பக்கம் ஜன்னல்? இந்தப் பாலிஸ்டைரீன் புற ஊதா ஒளியில்தான் மஞ்சளாகும், அதனால் மாடல் முழுக்க ஒரே மஞ்சள் இருக்காது.

மெதுவாகச்செய்:

மேலே சொன்ன எல்லாமே சரி, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பழுதுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது, தூசி, கீறல், மஞ்சள் என்று போய், பார்ப்பவருக்கு மாடலை விட்டு அதன் வயசு மட்டும் தெரிகிற படமாகிவிடும். நான் ஒரு பழைய விமானக் கிட்டுக்கு அப்படிச் செய்து, எங்கள் அப்பாவிடம் காட்டியபோது அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். பசை தடம், ஒட்டுக்கோடு, சாய்ந்த குழாய், கோணலாக ஒட்டிய எண், இவை உங்கள் சித்தப்பாவின் கை செய்தவை, அவற்றை ஒன்று விடாமல் வையுங்கள். மஞ்சளும் உதிர்ந்த ஸ்டிக்கரும் பின்னால் வந்தவை. அவர் ஒட்டி முடித்து மேஜையில் வைத்துப் பார்த்த அன்றைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஒட்டுப்பசை:

இது எனக்கும் பிடித்திருக்கிறது. அப்படியானால் குழாய்ச் சாய்வையும் கொஞ்சம் குறைக்க வேண்டும், முதல் நாளே அவ்வளவு தாழ்ந்திருக்காது. அப்புறம் தம்பி, தட்டின் மேல்குமிழைக் கழற்ற முடிந்தால் உள்ளே பாருங்கள். முதல் பதிப்புக் கிட்டில் பேட்டரியில் எரியும் சின்ன விளக்குகள் வந்தன, பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

பழையபெட்டி:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். இரண்டு நாளாகக் காலிப்பரும் கையுமாகத்தான் இருக்கிறேன். இடது குழாய் 3 டிகிரி தாழ்ந்திருக்கிறது. வலதுதான் ஒடிந்தது, அதன் தண்டில் முன்பே ஒரு தடவை ஒட்டிய தழும்பு இருக்கிறது, ஆக எனக்கு முன்னால் யாரோ அதே இடத்தில் உடைத்து சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். சித்தியிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

விளக்கு இல்லை, குமிழுக்கு அடியில் வெறும் பிளாஸ்டிக்தான். ஜன்னல் இடது பக்கம், அந்தப் பக்கம் தேன் நிறம், வலது பக்கம் இன்னும் பால் வெள்ளை. மெதுவாகச்செய் சொன்னதை ஏற்றுக்கொண்டு முழுக்கவும் வலது பக்க நிறத்தில் ரெண்டர் எடுக்கப் போகிறேன், குழாய்களுக்கு 1 டிகிரி, எண் கொஞ்சம் கோணலாக. அந்தத் தழும்பை வைப்பதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.