எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்): ஒய் அச்சை லாக் ஆக்கினா மதிப்பு 0 உள்ள புள்ளிகள் காணாமப் போகுது

கொருக்குப்பேட்டை கேட்: கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நாலா, எண்ணூர் கழிமுகம், சென்னையில மூணு இடத்துத் தண்ணி. ஃபீக்கல் கோலிஃபார்ம் (மலத்துலேர்ந்து வர்ற பாக்டீரியா), 100 மில்லிக்கு எம்பிஎன் (குழாய்ச் சோதனையில கிடைக்கிற எண்ணிக்கை மதிப்பீடு). குறைஞ்சது 0, அதிகம் 1,60,000. லாக் குடுத்தா 0 எல்லாம் மறையுது. ‘சேஃப்’ டிக் பண்ணா திரும்ப வருது. அப்படியே விடலாமா? கைடு பார் சார்ட் கேக்குறார்.

அச்சாணி: சேஃப் வேணாம் சகோ. 0-க்கு லாக் கிடையாது, அதான் மறையுது. சேஃப் போட்டா லாக்(1+எண்) கணக்குல வரையும். அதுல 0-லேர்ந்து 9 வரைக்கும் உள்ள தூரமும் 9-லேர்ந்து 99 வரைக்கும் உள்ள தூரமும் ஒண்ணு. பாக்குறவங்களுக்கு அது தெரியாது.

சார்ட்டை டபுள் கிளிக் பண்ணி, ஒய் அச்சு எண்களைத் தொட்டு, ப்ராப்பர்ட்டீஸ்ல ‘ஸ்கேல்’ டேப். டைப் லாகரித்மிக், பேஸ் 10. மினிமம், மேக்ஸிமம் ரெண்டுலயும் ‘ஆட்டோ’வை எடுத்துட்டு 1, 1000000 போடுங்க.

அஞ்சு குழாய்: அச்சு இருக்கட்டும், அந்த 0 எங்கேர்ந்து வந்துச்சு? எம்பிஎன் அட்டவணையில 0-ன்னு ஒரு விடையே இல்ல. ஒவ்வொரு அளவுக்கும் அஞ்சு குழாய்னு 10, 1, 0.1 மில்லி தண்ணி போட்டு எல்லாக் குழாயும் நெகட்டிவ்னா <1.8. சாக்கடைத் தண்ணின்னு 0.1, 0.01, 0.001 போட்டிருந்தா அதே நெகட்டிவ் <180. ரெண்டையும் 0-ன்னு அடிச்சிருந்தா, லாக் அச்சுல ரெண்டு கட்டம் (10 மடங்குக்கு ஒரு கட்டம்) தள்ளி நிக்கவேண்டியது ஒண்ணாயிடும்.

1,60,000-ஐயும் பாருங்க. 5-5-4 (மூணு அளவுலயும் பாசிட்டிவ் ஆன குழாய் எத்தனைன்னு) வந்திருந்தா சரி. 5-5-5-னா அது >1,60,000. டைப் பண்ணும்போது குறி விட்டுப்போயிருக்கும்.

கொருக்குப்பேட்டை கேட்: நோட்டுல பாத்தேன் அண்ணா. எண்ணூர் 10 மில்லியில ஆரம்பம், மத்த ரெண்டும் 0.1. காட்டன் கால்வாய்ல ரெண்டு 5-5-5. இப்ப என்ன நம்பர் போடுறது?

அஞ்சு குழாய்: எல்லை மதிப்பையே போடுங்க: 1.8, 180, 1,60,000. பக்கத்துல இன்னொரு காலம் (நெடுவரிசை): 0 அளந்தது, 1 எல்லைக்குக் கீழ, 2 எல்லைக்கு மேல. ஸ்கேட்டர் வரையும்போது ‘செட் மார்க்கர்ஸ் பை’ல அந்தக் காலத்தைக் குடுத்தா மூணுக்கும் வேற வேற குறி கிடைக்கும். எல்லைப் புள்ளியை உள்ளீடில்லாத முக்கோணமா மாத்துங்க. சராசரி போடாதீங்க, மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற எண்) போடுங்க. அது எல்லைக்குள்ள அளந்த எண்ணா இருக்கிறவரைக்கும் இந்த மாத்து மதிப்பு அதைத் தொடாது.

அச்சாணி: பார் சார்ட்டுக்குக் கைடுகிட்ட இதைச் சொல்லுங்க: லாக் அச்சுல 0-ன்னு தரையே இல்ல. மினிமம் 1 வச்சா 1000-த்தோட பார் மூணு கட்டம் உயரம், 100 வச்சா ஒரு கட்டம். உயரம் நாம வைக்கிற மினிமத்தைப் பொறுத்து மாறினா அந்தப் பாருக்கு அர்த்தம் ஏது? பாக்ஸ் பிளாட் (மீடியனையும் பரவலையும் பெட்டியாக் காட்டுற படம்) குடுங்க.

ஆப்ஷன்ஸ் மெனுவுல ஒய் அச்சு ரெஃபரன்ஸ் லைன் ரெண்டு: 500, 2500. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கிற தண்ணிக்கு வச்ச விரும்பத்தக்க அளவும் உச்ச வரம்பும். லாக் அச்சுலதான் ரெண்டு கோடும் தனித்தனியாத் தெரியும்.