ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) பயிற்சி: "பார்ஷியலி காம்பன்சேட்டட்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள், எப்படித் திருத்துவது?

பயிற்சி_சிஸ்டர்:
ஐசியுவில் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு ஏபிஜி வகுப்பு எடுக்கிறேன். பிஎச் 7.35–7.45, சிஓ2 35–45, பைகார்ப் (அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட்) 22–26 எல்லாம் மனப்பாடம். மூன்று கட்டம் போட்டு நிரப்பும் முறையும் வருகிறது. ஆனால் இந்தக் கேஸில் எல்லோரும் சறுக்குகிறார்கள்:

சர்க்கரை நோயாளி, கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்த நிலை). பிஎச் 7.11, சிஓ2 32, பைகார்ப் 10, சோடியம் 134, குளோரைடு 98. மூச்சு நிமிடத்துக்கு 22.

"பார்ஷியலி காம்பன்சேட்டட் மெட்டபாலிக் அசிடோசிஸ்" (பைகார்ப் குறைந்து வந்த ரத்த அமிலத்தன்மை, மூச்சு அதை ஓரளவு ஈடுகட்டியிருக்கிறது) என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய கேஸ் இது. இன்னொன்று, சாம்பிளே தப்பாக இருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வென்டி_வாத்தியார்:
தப்பு பிள்ளைகள் மேல் இல்லை சிஸ்டர், கட்ட முறை மேல்தான். சிஓ2 எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று மட்டும்தான் அது கேட்கும். எவ்வளவு போயிருக்க வேண்டும் என்று கேட்காது.

மெட்டபாலிக் அசிடோசிஸ் என்று தெரிந்ததும் வின்டர்ஸ் கணக்கு போடச் சொல்லுங்கள். பைகார்பை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டினால், இருக்க வேண்டிய சிஓ2 வரும், 2 முன்னே பின்னே. உங்கள் கேஸில் 15 + 8 = 23. ஆக 21-லிருந்து 25-க்குள் இருக்கணும், இருப்பது 32. நார்மலை விடக் குறைவுதான், ஆனால் இந்த நோயாளிக்கு அது அதிகம். மூச்சுத் தசை சோர்ந்துவிட்டது, அல்லது மயக்கம் கூடுகிறது. மெட்டபாலிக் அசிடோசிஸோடு ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் (சிஓ2 போதுமான அளவு வெளியேறாததால் வரும் அமிலத்தன்மை) சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்டவருக்கு மூச்சு 22 என்பதும் நல்ல செய்தி இல்லை.

படுக்கையருகே பெருக்க நேரமில்லை என்றால் பைகார்போடு 15 கூட்டினால் போதும். இங்கே 25 வரும். துல்லியம் கொஞ்சம் குறைவு, ஆனாலும் ஆபத்தைக் காட்டிவிடும்.

ஒரே பைகார்ப் 10-ஐ வைத்து மூன்று அட்டை தயார் செய்யுங்கள். சிஓ2 23, பிஎச் 7.26: சரியான ஈடு. சிஓ2 32, பிஎச் 7.11: சோர்கிறார். சிஓ2 16, பிஎச் 7.42: இதைப் பார்த்து "நார்மல்" என்று யாராவது சொல்வார்கள், அங்கேதான் பாடமே. கூடவே ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ் (தேவைக்கு மேல் மூச்சுவிட்டு சிஓ2 இறங்கிய நிலை) இருக்கிறது. செப்சிஸ் (உடல் முழுவதையும் பாதிக்கும் தொற்று), ஆஸ்பிரின் விஷம் இரண்டையும் நினைக்கணும்.

அதே 7.11 நோயாளிக்குக் குழாய் போட்டுவிட்டு, வென்டிலேட்டரில் வழக்கம்போல ரேட் 14 வைத்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். சிஓ2 45-க்கு ஏறினால் பிஎச் 6.97.

லேப்_பக்கம்:
சாம்பிள் விஷயத்துக்கு வருகிறேன். ரத்த வாயு எண்களில் மெஷின் நேரடியாக அளப்பது பிஎச், சிஓ2, ஆக்சிஜன் மூன்றும்தான். பைகார்ப் அவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அதனால் "மூன்று எண்ணும் ஒத்துப்போகிறது, சாம்பிள் சரி" என்று நினைக்கக் கூடாது. தப்பான சாம்பிளிலும் ஒத்துப்போகும். கையால் எழுதும்போது வந்த பிழை வேண்டுமானால் பிடிபடும்.

முதலில் மானிட்டரைப் பார்க்கணும். எஸ்பிஓ2 (விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் சாச்சுரேஷன்) 97 காட்டுகிறது, ரிப்போர்ட்டில் பிஓ2 (ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம்) 40, சாச்சுரேஷன் 74 என்றால் அது சிரை ரத்தம்.

சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் சிஓ2 இறங்கும், பிஓ2 சுமார் 150-ஐ நோக்கி நகரும். 60 இருந்தவருக்கு ஏறும், 300 இருந்தவருக்கு இறங்கும். எடுத்த உடனே குமிழியை வெளியேற்றி, மூடி போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தலைகீழாகத் திருப்பிக் கலக்கணும்.

சாதா சிரிஞ்சில் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இழுத்து எடுக்கிற இடங்களில், மிச்சம் நிற்கும் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. சிஓ2, பைகார்ப், கால்சியம் எல்லாம் குறையும், பிஎச் அவ்வளவாக அசையாது. பார்க்க மெட்டபாலிக் அசிடோசிஸ் போலவே இருக்கும்! உலர் ஹெப்பரின் சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஆர்ட்டீரியல் லைனில் (தமனியில் போட்டிருக்கும் குழாயில்) எடுத்தால், குழாய்க்குள் நிற்கும் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு ரத்தம் இழுத்த பிறகே சாம்பிள். ஹீமோகுளோபின் திடீரென்று 2 கிராம் இறங்கி, குளோரைடு ஏறியிருந்தால் ஃப்ளஷ் சலைன் கலந்துவிட்டது.

அறை வெப்பத்தில் 30 நிமிடத்துக்குள் ஓட்டிவிடணும். தாமதமானால் அணுக்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். சிஓ2வும் லாக்டேட்டும் ஏறும். பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் வைப்பது பழைய பழக்கம், பிஓ2வும் பொட்டாசியமும் கெடும்.

எஃப்ஐஓ2 (நோயாளி சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சதவீதம்) போட மறந்தால் மெஷின் 21 என்றே எடுத்துக்கொள்ளும். பிஓ2 84-க்கு பி/எஃப் (பிஓ2வை எஃப்ஐஓ2-ஆல் வகுத்த எண்) 400 என்று அழகாகக் காட்டும். நோயாளி 60 சதவீதத்தில் இருந்தால் உண்மையில் 140.

பயிற்சி_சிஸ்டர்:
நன்றி சார், மூன்று அட்டையும் இன்றே தயார். அனயான் கேப் (ரத்தத்தில் நேரடியாக அளக்காத அமிலங்களைக் காட்டும் எண்) இவர்களுக்குத் தேவையா? சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளியை எப்படிச் சொல்லித் தருவது?

வென்டி_வாத்தியார்:
கேப் தேவை. சோடியத்திலிருந்து குளோரைடு, பைகார்ப் இரண்டையும் கழிக்கணும்: 134 − 98 − 10 = 26. ஐசியுவில் ஆல்புமின் திருத்தத்தை விடாதீர்கள். 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராமுக்கும் கேப்போடு 2.5 கூட்டணும். ஆல்புமின் 2 உள்ளவரின் கேப் 14 என்பது 19-க்குச் சமம். ஸ்டீவர்ட் முறையை (அமில-காரத்தைக் கணக்கிடும் இன்னொரு முறை) இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம்.

சிஓபிடிக்கு: சிஓ2 40-க்கு மேல் ஒவ்வொரு 10-க்கும் திடீர் ஏற்றம் என்றால் பைகார்ப் 1 கூடும், நாள்பட்டது என்றால் 4 வரை. சிஓ2 64, பைகார்ப் 34, பிஎச் 7.34 கொடுங்கள். 24 + 9.6, கிட்டத்தட்ட 34. நாள்பட்டது. "சிஓ2வை 40-க்குக் கொண்டுவரலாமா?" என்று கேளுங்கள். கொண்டுவந்தால் பிஎச் 7.55 ஆகும். இவருக்குக் குறி பிஎச், சிஓ2 அல்ல.

வகுப்பை விட டியூட்டி மாறும்போது படுக்கையருகே ஒரு ஏபிஜி, ஐந்து நிமிடம், அதுதான் நிற்கும். பெயர் சூட்டுவதோடு விடாமல், டாக்டருக்குப் போனில் சொல்லவேண்டிய வாக்கியத்தையும் சொல்ல வையுங்கள்: "பைகார்ப் 10, சிஓ2 23 இருக்கணும், 32 இருக்கு, மூச்சு 22, கூப்பிட்டால் மெதுவாகத்தான் கண் திறக்கிறார், இப்போதே வந்து பாருங்க."

இரவு_டியூட்டி:
இடையில் ஒரு சந்தேகம். காய்ச்சல் 39.5 என்றால் மெஷினில் வெப்பநிலையைப் போடணுமா?

லேப்_பக்கம்:
37-லேயே விடுங்கள். நார்மல் அளவுகள் எல்லாம் 37-க்கானவை. ஒருவர் போட்டு இன்னொருவர் போடாமல் விட்டால் காலை ரிப்போர்ட்டையும் மாலை ரிப்போர்ட்டையும் ஒப்பிடவே முடியாது. நோயாளியை வேண்டுமென்றே குளிர்விக்கும் சிகிச்சையில் மட்டும் உங்கள் யூனிட் டாக்டர் சொல்கிறபடி.